நிழல் அதேதான், இளவரசன்தான் வேறு: ‘தி லாஸ்ட் கிரவுன்’ பற்றிக் கேட்ட தம்பிக்கு

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி கேட்டது இது: “அண்ணே, வாப்பா காலேஜ் படிக்கிறப்ப கம்ப்யூட்டர் சென்டர்ல பிரின்ஸ் ஆஃப் பெர்சியா விளையாடினதை இன்னும் சொல்லிட்டே இருப்பாங்க. இப்ப அதே பேர்ல ‘தி லாஸ்ட் கிரவுன்’னு ஒண்ணு இருக்கு. பார்த்தா கார்ட்டூன் மாதிரி இருக்கு, ஹீரோவும் இளவரசன் இல்லையாம். அதுக்கும் இதுக்கும் உண்மையிலேயே சம்பந்தம் உண்டா? துபாய்ல இருந்து மச்சான் ஸ்விட்ச் கொண்டு வர்றார். அதுல வாங்குறதா, என் ஆண்ட்ராய்டு போன்லயே வாங்குறதா?”

சம்பந்தம் உண்டு, நிறையவே உண்டு. ஸ்விட்ச், அதாவது நிண்டெண்டோவின் கையில் வைத்தே ஆடும் கருவி, வருகிறதென்றால் அதிலேயே வாங்குங்கள். கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் “சம்பந்தம் உண்டு” என்று நான் சொல்வதற்கு என்ன காரணம் என்று சொன்னால்தான், வாங்கிய பிறகு இந்த ஆட்டத்தில் எதைக் கவனித்து விளையாட வேண்டும் என்பது உங்களுக்குப் பிடிபடும். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் வாப்பா விளையாடியது எது என்று பார்ப்போம். ஜோர்டன் மெக்னர் என்பவர் ஏறக்குறையத் தனி ஆளாக உட்கார்ந்து, ஆப்பிள் டூ கணினிக்காக எழுதிய ஆட்டம் அது. 1989-ல் வெளியானது. நம் பக்கத்து சென்டர்களில் ஓடியது அடுத்த வருடம் வந்த டாஸ் பதிப்பு. ‘பிரின்ஸ் மெகாஹிட்’ என்று தட்டி உள்ளே போய், ஷிப்ட்டும் எல்லும் அழுத்தி லெவல் தாண்டிய பசங்க அந்தத் தலைமுறையில் ஏராளம். வாப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்.

அந்த ஆட்டத்தைப் பற்றி எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அந்த இளவரசன் ஓடும் விதம். மெக்னர் தன் தம்பி டேவிட்டை வெள்ளை உடையில் ஓடவும் குதிக்கவும் ஏறவும் வைத்து வீடியோ எடுத்தார். அந்தப் படங்களை ஒவ்வொன்றாக வரைந்து கணினிக்குள் ஏற்றினார். அதனால்தான் அந்தச் சின்ன உருவத்துக்கு உடம்பின் கனம் இருந்தது. ஓட ஆரம்பித்தால் வேகம் பிடிக்க ஓரிரண்டு அடி ஆகும். நிற்கச் சொன்னால் உடனே நிற்க மாட்டான், சறுக்கித்தான் நிற்பான். திரை மூன்று தளம், பத்துக் கட்டம் என்று பிரிக்கப்பட்டிருந்தது. காலடிக் கணக்கு ஒன்று தப்பினால் பள்ளம். ஒரு தளம் விழுந்தால் தப்பலாம், இரண்டு தளம் என்றால் ஒரு உயிர்ப்புள்ளி போகும், மூன்று தளம் என்றால் ஆள் காலி. விளிம்புக்கு வந்ததும் ஷிப்ட்டைப் பிடித்துக்கொண்டு அடிமேல் அடியாக நகர்த்தி, “இதுக்கு மேல போகாது” என்று தெரிந்த பிறகு குதிப்போம். வேறு எந்த ஆட்டமும் அன்று அப்படியொரு பயத்தைக் கொடுத்ததில்லை.

இரண்டாவது, நேரம். அறுபது நிமிடத்துக்குள் இளவரசியைக் காப்பாற்ற வேண்டும். செத்தாலும் கடிகாரம் நிற்காது. அதாவது உண்மையான எதிரி ஜாஃபர் என்கிற மந்திரி இல்லை, கடிகாரம்தான்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்: நிழல் மனிதன். நான்காவது லெவலில் ஒரு கண்ணாடி குறுக்கே நிற்கும். ஓடிவந்து அதற்குள் பாய்ந்தால், மறுபக்கம் இளவரசனின் நிழல் ஒன்று தனி ஆளாகக் குதித்து ஓடிவிடும். அடுத்த லெவலில் நீங்கள் எடுக்கவிருந்த மருந்தை அவன் குடித்துவிடுவான். அதற்கடுத்ததில் கதவை மூடி உங்களைப் பள்ளத்தில் விழவைப்பான். கடைசியில் வாளோடு எதிரே வந்து நிற்பான். அவனை வெட்டினால் உங்கள் உயிர் குறையும். வாளை உறையில் போட்டுவிட்டு அவனை நோக்கி நடந்தால் இருவரும் ஒன்றாகிவிடுவார்கள். அதற்கப்புறம்தான் வெட்டவெளியில் பாதை உருவாகும்.

இந்த நிழல் எப்படி வந்தது தெரியுமா? ஆப்பிள் டூவில் இருந்த நினைவகம் மிகக் குறைவு. புதிய எதிரிக்கு வேறு உருவம் வரைந்து சேர்க்க இடமே இல்லை. அதனால் இளவரசனின் அதே படங்களை எடுத்து, ஒரு பிட் தள்ளி அதன்மேலேயே ஏற்றி, கலங்கிய உருவமாகக் காட்டினார் மெக்னர். இடப் பற்றாக்குறையிலிருந்து பிறந்தவன்தான் நிழல் மனிதன். வீடியோ ஆட்டங்களின் வரலாற்றில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் இவ்வளவு நல்ல கதையாக மாறிய இடம் வேறு இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

காலடி, நேரம், நிழல். இந்த மூன்றும்தான் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா. இளவரசனுக்குப் பெயர்கூடக் கிடையாது, அவன் யாராக இருந்தாலும் சரி. பின்னால் வந்த ஒவ்வொரு ஆட்டத்தையும் நான் இந்த மூன்றையும் வைத்துத்தான் அளக்கிறேன்.

நடுவில் வந்தவற்றை வேகமாகக் கடந்துவிடுகிறேன். 1993-ல் இரண்டாம் பாகம். 1999-ல் முப்பரிமாணத்துக்கு மாறப் பார்த்து ஒரு தோல்வி. 2003-ல் யூபிசாஃப்ட் என்ற பிரெஞ்சு நிறுவனம் கொண்டுவந்த ‘தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ நேரத்தையே பின்னோக்கி ஓட்டும் கத்தியைக் கையில் கொடுத்துத் தொடருக்கு இரண்டாம் உயிர் தந்தது. அதன்பின் இரத்தமும் கோபமுமாக ஒன்றிரண்டு, 2008-ல் ஒரு புதிய தொடக்கம், 2010-ல் ‘தி ஃபர்காட்டன் சாண்ட்ஸ்’. அதோடு பெரிய ஆட்டங்கள் நின்றுபோயின. கையடக்கக் கருவிகளிலும் இந்தத் தொடர் வந்துகொண்டுதான் இருந்தது. 1992-லேயே கேம் பாய்க்கு வந்தது. 2005-ல் பிஎஸ்பிக்கு ‘ரெவலேஷன்ஸ்’ என்ற பெயரில், அந்த இரத்தமும் கோபமுமான ஆட்டங்களில் ஒன்றான ‘வாரியர் விதின்’னையே கொண்டுவந்தார்கள். பெரிய டிவிக்காகச் செய்த முப்பரிமாண ஆட்டத்தைக் கையளவு திரைக்குள் திணித்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது: கேமரா சுற்றும், ஆள் ஒரு மூலையில் எறும்பாகத் தெரிவான்.

‘தி லாஸ்ட் கிரவுன்’ 2024 ஜனவரி 18-ல் வந்தது. கையடக்கக் கருவிக்கென்று மட்டும் செய்ததல்ல, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், கணினி எல்லாவற்றுக்கும் சேர்த்தே வந்தது. ஆனாலும் இது கைக்கே பொருந்துகிற ஆட்டம். காரணம், செய்தவர்கள் மறுபடி பக்கவாட்டுக் காட்சிக்குப் போனார்கள். இடமிருந்து வலம், கீழிருந்து மேல், ஆள் எப்போதும் தெளிவாகத் தெரிவான். யூபிசாஃப்டின் மாண்ட்பெலியே கிளை செய்தது இது. ‘ரேமேன்’ ஆட்டங்களைச் செய்த அதே இடம். பக்கவாட்டில் ஓடிக் குதிக்கும் ஆட்டத்தில் ஒரு தாவல் கைக்கு எப்படிப் படவேண்டும் என்று அவர்களுக்குப் பல வருடப் பழக்கம் உண்டு. முனிர் ராடி என்பவர் இயக்குநர்.

கதையை முழுதாகச் சொல்லிக் கெடுக்கப் போவதில்லை. நீங்கள் சார்கோன். பாரசீகத்தைக் காக்கும் எழுவர் படையில் வயதில் இளையவன். தொடக்கத்தில் குஷானப் படையோடு போர். ஆமாம், வட இந்தியாவை ஆண்ட அதே குஷானர்கள்தான். வெற்றிக் கொண்டாட்டம் முடிவதற்குள் இளவரசன் கசானைக் கடத்திக்கொண்டு போகிறார்கள். போன இடம் காஃப் மலை. அரபு, பாரசீகக் கதைகளில் உலகத்தின் விளிம்பில் நிற்கும் மலை அது. உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் ஜின் கதைகளில் நீங்களே கேட்டிருக்கலாம். சிமுர்க் என்ற தெய்வப் பறவையின் இருப்பிடம். அங்கே காலம் ஒழுங்காக ஓடுவதில்லை. ஒன்றாக உள்ளே நுழைந்தவர்களில் ஒருவனுக்கு ஒரு நாள் போயிருக்கும், இன்னொருவன் பல வருடம் கழித்துத் தாடியோடு நிற்பான்.

ஆக, இளவரசன் இதில் தேடப்படுகிற ஆள், ஆடுகிற ஆள் இல்லை. இதைக் கேட்டுத்தான் பழைய ரசிகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். 2023-ல் முதல் முன்னோட்டம் வந்தபோது அதன் பாட்டையும் சார்கோனின் தலைமுடியையும் பார்த்தே வேண்டாம் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. அவர்கள் ஆட்டத்தைக் கையில் எடுத்திருக்க வேண்டும். ஏனென்றால் நான் சொன்ன மூன்றும் இதற்குள் இருக்கிறது.

நிழலிலிருந்து தொடங்குகிறேன். கொஞ்ச நேரம் விளையாடியதும் ‘ஷேடோ ஆஃப் த சிமுர்க்’ என்ற சக்தி கிடைக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் நீங்கள் நிற்கிற இடத்தில் உங்கள் நிழலுருவம் ஒன்று தங்கிவிடும். நீங்கள் நகர்ந்து போகலாம். மறுபடி அழுத்தினால் கண் இமைப்பதற்குள் அந்த நிழலின் இடத்துக்குத் திரும்பிவிடுவீர்கள். முள் நிறைந்த பள்ளத்துக்குள் போய் ஒரு நாணயத்தை எடுத்துக்கொண்டு, கதவு மூடுவதற்குள் வெளியே விட்டுவந்த நிழலுக்குத் திரும்புவது. பெரிய எதிரி பாய்ந்து வரும்போது பின்னால் வைத்த நிழலுக்கு நழுவி, அவன் முதுகில் வெட்டுவது. இப்படி நூறு விதம். அன்று உங்களை ஏமாற்றிய நிழல் இன்று உங்கள் கையாள். இன்னொரு இடத்தில், உங்கள் பழைய அசைவுகளையே பதிவு செய்து, அந்த உருவங்களோடு சேர்ந்து கதவுகளைத் திறக்கும் புதிர் வருகிறது. ஒரு உருவம் விசையை மிதித்துக்கொண்டு நிற்கும்போது, இன்னொன்று மேலே ஏற வேண்டும், மூன்றாவதாக நீங்கள் ஓட வேண்டும். முதல் உருவத்தை அவசரப்பட்டுப் பதிவு செய்திருந்தால், அது விசையிலிருந்து சீக்கிரம் இறங்கிப்போய்விடும். நாம் செய்த அவசரத்துக்கு நாமே பொறுப்பு. அந்தச் சின்ன நினைவகத்தில் மெக்னர் கண்டுபிடித்த எண்ணத்தை இவ்வளவு தூரம் வளர்த்தவர்கள் வேறு யாருமில்லை. 2003-ல் வந்த ஆட்டத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

சார்கோன் கதைப்போக்கில் தன்னையே எதிரே சந்திக்கிற இடங்களும் உண்டு. அதற்கு மேல் சொன்னால் தப்பு.

அடுத்தது காலடி. இங்கேதான் கருவி எது என்பது முக்கியமாகிறது. ஸ்விட்சில் இந்த ஆட்டம் நொடிக்கு 60 படங்கள் என்ற வேகத்தில் ஓடும். கையில் வைத்து ஆடினாலும் டிவியில் போட்டாலும் அதே வேகம்தான். அந்த எண்ணுக்கு என்ன மதிப்பு என்றால், 60 என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் 17 மில்லி நொடி. 30 என்றால் சுமார் 33. எதிரியின் வாள் உங்கள் மேல் படும் கணத்தில் தட்டிவிட வேண்டிய ஆட்டத்தில் இந்த வித்தியாசம் விரலுக்குத் தெரியும். எதிரியிடம் மஞ்சள் ஒளி மின்னினால் தட்டலாம். சரியாகத் தட்டினால் சார்கோன் அவனைப் பிரமாதமாகப் புரட்டி எடுக்கும் ஒரு தனிக் காட்சி வரும். சிவப்பு மின்னினால் தட்டக் கூடாது, விலகித்தான் ஆக வேண்டும். இந்த இரண்டு நிறத்தையும் பிரித்துப் பார்க்கக் கண்ணும் விரலும் பழகிவிட்டால் சண்டைகள் ஒரு தாளத்துக்கு வந்துவிடும். சின்னத் திரையிலும் அந்த நிறங்கள் பளிச்சென்று தெரிகின்றன. கார்ட்டூன் மாதிரி இருக்கிறது என்றீர்களே, அதுதான் காரணம். பட்டையான நிறமும் தடித்த கோடும் இருப்பதால்தான் உள்ளங்கையளவு திரையிலும் யார் எங்கே நிற்கிறார், முள் எங்கே இருக்கிறது என்று குழப்பமில்லாமல் தெரிகிறது. நுணுக்கமான முகச் சுருக்கமும் வியர்வையும் காட்டியிருந்தால் கையில் பிடித்து ஆட முடியாது.

தாவல்களில் பழைய ஆட்டத்தின் கனம் அப்படியே இல்லை. சார்கோன் லேசானவன், சுவரில் உதைத்துத் தாவுவான், காற்றிலேயே பாய்வான், பின்னால் இரட்டைத் தாவலும் கிடைக்கும். ஆனால் அளவு என்ற ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பாய்ச்சலும் எப்போதும் அதே தூரம்தான். அதிர்ஷ்டத்துக்கு இடமில்லை. செர்க்ஸீஸ் நாணயங்கள் என்று சில மூலைகளில் வைத்திருக்கிறார்கள். அவற்றை எடுக்க ரம்பச் சக்கரங்களுக்கும் முட்களுக்கும் நடுவே பாய்ச்சல், தாவல், நிழல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கோக்க வேண்டும். அங்கேதான் பழைய விளிம்புப் பயம் எனக்குத் திரும்ப வந்தது. தவறினால் கொஞ்சம் உயிர் குறைந்து, கடைசியாகக் கால் ஊன்றிய இடத்திலேயே மீண்டும் நிற்பீர்கள். முழுதாகச் செத்தால்தான் வாக்-வாக் மரத்தடிக்குத் திரும்ப வேண்டும். சேமிப்பதும் அந்த மரத்தடியில்தான். இந்தக் கருணை 1989-ல் இல்லை. இருக்க வேண்டியதுதான். ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்கு ரயிலில் போகும்போது ஆடுகிறவனுக்கு அறுபது நிமிடக் கடிகாரம் வைத்தால் பாதியில் மண்டபம் ஸ்டேஷன் வந்துவிடும்.

மிச்சமிருக்கும் நேரம் என்ற விஷயத்தைப் பற்றிச் சொல்லும்போது, நம் கரைக்காரர்கள் இந்த ஆட்டத்தில் ஓரிடத்தைத் தவறவிடக் கூடாது. ‘ரேஜிங் சீ’ என்று ஒரு பகுதி வரும். புயலடிக்கும் கடல், அதில் போர்க் கப்பல்கள். எல்லாம் ஒரே கணத்தில் உறைந்து நிற்கின்றன. அலை எழுந்தபடியே நிற்கிறது. கப்பல் சாய்ந்தபடியே, உடைந்த பலகைகள் காற்றிலேயே. நீங்கள் அந்த அலைகளுக்கு ஊடே, அந்த மரத்துண்டுகளின் மேல் ஏறிப் போக வேண்டும். மற்ற ஊர்க்காரர்களுக்கு அது அழகான ஓர் ஓவியம். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அடித்துக்கொண்டு போன புயலைப் பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்கு அது வேறு. பாம்பனிலிருந்து புறப்பட்ட ரயிலையே கடல் இழுத்துக்கொண்டது, ஊரையே வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. இன்றும் அந்த இடிந்த தேவாலயச் சுவரும் ரயில் நிலையமும் நிற்கின்றன. அந்த அலை விழாமல் அப்படியே நின்றிருந்தால் என்று நினைக்காத தனுஷ்கோடிக்காரர் இருந்திருக்க மாட்டார். பிரான்ஸில் உட்கார்ந்து இதை வரைந்தவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் அந்தப் பகுதியை நான் வேகமாகக் கடக்கவில்லை. நீங்களும் கடக்காதீர்கள். ஹெட்போன் போட்டுக்கொண்டு ஆடுங்கள். கரெத் கோக்கரும் மென்ட்ரிக்ஸ் என்ற ஈரானிய இசைக் கலைஞரும் இசையமைத்திருக்கிறார்கள். பாரசீக மொழியிலேயே முழுக்க முழுக்கப் பேச்சை வைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. இந்தத் தொடரில் அது முதல்முறை. மொழி புரியாவிட்டாலும் அதில் வைத்து ஆடிப் பாருங்கள், கீழே எழுத்து ஓடும்.

இனி வரைபடம். இது மெட்ராய்டுவேனியா வகை ஆட்டம். 1986-ல் வந்த ‘மெட்ராய்டு’, 1997-ல் வந்த ‘காஸில்வேனியா: சிம்பனி ஆஃப் த நைட்’ இரண்டின் வழியில் வருவது. ஒரே பெரிய உலகம், முதலில் பாதிக் கதவுகள் திறக்காது, புதிய சக்தி கிடைத்த பின் திரும்பி வந்து திறக்க வேண்டும். இந்த வகையில் பெரிய தொல்லை, எந்தக் கதவு எங்கே இருந்தது என்று மறந்துபோவது. கையடக்கக் கருவியில் நாள் விட்டு நாள் ஆடுகிறவனுக்கு அது இரட்டைத் தொல்லை. ‘தி லாஸ்ட் கிரவுன்’ இதற்குச் செய்திருக்கும் ஏற்பாட்டுக்கு ‘மெமரி ஷார்ட்’ என்று பெயர். ஒரு இடத்தில் நின்று பொத்தானை அழுத்தினால், அந்த இடத்தின் படம் அப்படியே வரைபடத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரு வாரம் கழித்து வரைபடத்தைத் திறந்தாலும் “ஓ, இங்கே ஒரு உயரமான திட்டு, இரட்டைத் தாவல் வேணும்” என்று பார்த்ததும் விளங்கிவிடும். மீன் பிடிக்கிறவர்கள் முன்பு கரையில் தெரியும் கோபுரத்தையும் பனையையும் வைத்துக் கடலடிப் பாரின் (பாறைத்திட்டின்) இடத்தை மனதில் குறித்துக்கொள்வார்கள், இப்போது ஜிபிஎஸ்ஸில் புள்ளி வைத்துக்கொள்கிறார்கள். அதே வேலைதான், கூடவே ஒரு போட்டோவும் இருக்கிறது. எத்தனை படம் ஒட்டலாம் என்பதற்கு வரம்பு உண்டு, அதனால் எதைக் குறித்துக்கொள்வது என்று நீங்கள் யோசிக்க வேண்டிவரும். ‘ஹாலோ நைட்’ போன்ற பெரிய ஆட்டங்களில்கூட இது இல்லை. இனி இந்த வகையில் வரும் எந்த ஆட்டமும் இதை விட்டுவிட்டு வந்தால் நான் குறையாகத்தான் எண்ணுவேன். தொடக்கத்தில் ‘எக்ஸ்ப்ளோரேஷன்’, ‘கைடட்’ என்று இரண்டு வழி கேட்கும். கைடட் என்றால் அடுத்து எங்கே போக வேண்டும், எந்தக் கதவு இப்போதைக்குத் திறக்காது என்று வரைபடத்திலேயே காட்டிவிடும். எக்ஸ்ப்ளோரேஷனைத் தேர்ந்தெடுங்கள். மிகவும் சிரமப்பட்டால் நடுவில் மாற்றிக்கொள்ளலாம்.

சிரமம் என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குதிக்க முடியாத இடத்தில் ஒரு வாசல் திறந்து அந்தப் பகுதியைத் தாண்டிப் போகவும் இந்த ஆட்டத்தில் வசதி வைத்திருக்கிறார்கள். எதிரி அடிக்கும் அடியின் வலிமை, தட்டுவதற்கான அவகாசம் எல்லாவற்றையும் நமக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். 2024-ன் ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் எல்லோரும் ஆடும்படி செய்ததற்கான விருது இதற்குத்தான் கிடைத்தது. வாப்பாவையும் உட்காரவைத்து ஆடப் போகிறீர்கள் என்றால் இதெல்லாம் உதவும். விரல் முன்போல் ஓடாத வயதில் ஒருவர் தன் இளமைக்கால ஆட்டத்துக்குத் திரும்ப வரும்போது, கதவைச் சாத்தாமல் இருப்பது பெரிய மரியாதை.

குறைகள் இல்லாமல் இல்லை. எழுவர் படையில் சார்கோனையும் தலைவன் வாரமையும் தவிர மற்றவர்கள் மனதில் நிற்பதில்லை. ஓரோட், நீத், மெனோலியாஸ் என்று பெயர்கள் வருகின்றன, சண்டை போடுகிறார்கள், போகிறார்கள். ஒருவனோடு நட்பு எப்படி இருந்தது என்று காட்டிவிட்டு அவனோடு வாள் எடுக்கச் சொன்னால் கை நடுங்கும். இதில் அந்த நடுக்கம் வருவதில்லை. பேச்சுக் காட்சிகளில் இரண்டு உருவங்கள் எதிரெதிரே அசையாமல் நிற்க, எழுத்து மட்டும் ஓடுவது சலிப்பு. நடுப்பகுதி கொஞ்சம் நீளம். பெரிய எதிரிகளின் தரமும் ஒரே மாதிரி இல்லை: தொடக்கத்தில் வரும் ஜஹந்தார் என்கிற சிங்க உடம்பு மிருகமும், காட்டில் வரும் கியானாவும் அருமை, பிற்பாதியில் ஒன்றிரண்டு, அடிக்க அடிக்கத் தீராத உயிர்ப்பட்டையோடு நேரத்தைத் தின்கின்றன. நிண்டெண்டோவின் ‘மெட்ராய்டு ட்ரெட்’ ஆட்டத்தில் 2021-ல் பார்த்த அந்த இறுக்கம், ஒரு அறைகூட வீணில்லாத கட்டுமானம், இதில் இல்லை. ஆனால் தாவும் இன்பத்திலும் புதிர்களிலும் ‘ட்ரெட்’டைவிட இதுதான் மேல் என்பேன்.

எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. இவ்வளவு நல்ல ஆட்டம் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. 2024 அக்டோபரில், இதைச் செய்த குழுவைப் பிரித்து, பெரும்பாலானோரை வேறு வேலைகளுக்கு மாற்றிவிட்டதாகச் செய்தி வந்தது. அதற்குச் சற்று முன்புதான், செப்டம்பரில், ‘மாஸ்க் ஆஃப் டார்க்னஸ்’ என்ற கூடுதல் பகுதியை வெளியிட்டிருந்தார்கள். (அது கடினம், முதல் ஆட்டத்தில் நன்றாகக் கை தேர்ந்த பிறகு வாங்கினால் போதும்.) முதல் முன்னோட்டத்தைப் பார்த்தே முடிவு கட்டியவர்களில் பாதிப் பேர் இதை ஆடிப் பார்த்திருந்தால்கூட கதை வேறாக இருந்திருக்கலாம்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. போனுக்கு இந்த ஆட்டம் 2025 ஏப்ரல் 14-ல் வந்தது. நேர்மையான பதிப்பு. தொடக்கப் பகுதியை இலவசமாக ஆடிவிட்டு, பிடித்தால் பணம் கட்டலாம். தொடுதிரைப் பொத்தான்களை நமக்கேற்ற இடத்தில் நகர்த்தலாம், பெரிதாக்கலாம். தானாகவே தட்டும் வசதி, உயிர் குறைந்தால் தானாகவே மருந்து குடிக்கும் வசதி என்று போனுக்காகச் சேர்த்திருக்கிறார்கள். இருந்தும் நான் போனைச் சொல்லாததற்குக் காரணம் இதுதான்: பாயும் பொத்தான், தாவும் பொத்தான், நிழல் வைக்கும் பொத்தான் மூன்றையும் ஒரு நொடிக்குள் வரிசையாக அழுத்த வேண்டிய ஆட்டத்தில், விரலுக்குக் கீழே மேடு பள்ளம் ஏதாவது தட்டுப்பட வேண்டும். வழவழப்பான கண்ணாடியில் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்குள் முள்ளில் விழுந்துவிடுவீர்கள். நம் ஊர் வெயிலிலும் புழுக்கத்திலும் விரல் வியர்த்துக் கண்ணாடியில் ஒட்டும், அது இன்னொரு இம்சை. தானாகத் தட்டும் வசதியைப் போட்டுக்கொண்டால் ஆடலாம்தான், ஆனால் அந்த மஞ்சள் மின்னலைச் சரியாகப் பிடிக்கிற சந்தோஷம் போய்விடும். போனில்தான் ஆடுவேன் என்றால், போனை நடுவில் மாட்டும் வகைக் கன்ட்ரோலரோ ப்ளூடூத் கன்ட்ரோலரோ ஒன்று வாங்கிவிடுங்கள். அப்படி ஆடினால் ஸ்விட்சுக்கும் போனுக்கும் பெரிய தூரமில்லை. போன் கொஞ்சம் வலுவானதாகவும் இருக்க வேண்டும். விலை குறைந்த போன்கள் சூடாகி, சண்டை மும்முரத்தில் வேகம் குறைந்துவிடும்.

மச்சான் கொண்டுவரும் ஸ்விட்சைப் பற்றி இரண்டு வார்த்தை. நிண்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை, ஆகவே பழுது என்று வந்தால் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப்போகும் வழி இங்கே இல்லை. என்னைப் போல ராமநாதபுரத்திலும் மதுரையிலும் மேசை போட்டு ரிப்பேர் பார்க்கிறவர்களிடம்தான் வர வேண்டும். அதனால் வாங்கும்போதே மச்சானிடம் சொல்லி திரையில் ஒட்டும் கண்ணாடி ஒன்றும் கெட்டியான பையும் சேர்த்து வாங்கிவரச் சொல்லுங்கள். முடிந்தால் ஆட்டத்தையும் கார்ட்ரிட்ஜாகவே வாங்கிவரச் சொல்லுங்கள், டவுன்லோட் தொல்லை இல்லை, ஆடி முடித்தபின் யாருக்காவது கொடுக்கலாம்.

நம் கரையில் இந்தக் கருவிகளுக்கு முதல் எதிரி உப்புக்காற்று. மேசைக்கு வருகிற கன்ட்ரோலர்களில் பெரும்பாலானவற்றைத் திறந்தால், சார்ஜிங் போர்ட்டின் ஊசிகளில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். செம்பு உப்பு ஈரத்தில் அப்படித்தான் ஆகும். பாம்பன், தங்கச்சிமடம், ஏர்வாடி, கீழக்கரை என்று கடலை ஒட்டிய வீடுகளிலிருந்து வருபவை எல்லாவற்றிலும் இதே கதை. ஆளை நகர்த்த விரலால் தள்ளும் அனலாக் குச்சிக்குள் நுண்ணிய உப்பும் மணலும் போனால், நீங்கள் கையை எடுத்த பிறகும் சார்கோன் தானாக நடக்க ஆரம்பிப்பான். விளிம்பில் நிற்கும்போது அது உயிர்போகிற விஷயம். ஆகவே கடற்கரையில் உட்கார்ந்து ஆடாதீர்கள், அரியமானுக்குப் போனால் கருவி பைக்குள்ளேயே இருக்கட்டும். வீட்டில் ஜன்னலோரம் வைக்க வேண்டாம். மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள், புதுச் செருப்புப் பெட்டியில் வருமே அதுவே போதும், மாதம் ஒருமுறை மாற்றிவிடுங்கள். ஈரக் கையோடு சார்ஜ் வயரைச் செருகாதீர்கள். குச்சி தடுமாற ஆரம்பித்தால் நீங்களே தேங்காய் எண்ணெய் விடுகிற வேலை வேண்டாம், அது தூசியைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) திரவம் ஒரு சொட்டு விட்டுச் சுற்றினால் பல சமயம் சரியாகும், ஆகாவிட்டால் குச்சியையே மாற்ற வேண்டும்.

ஸ்விட்சுக்கும் இலவச டெமோ வந்திருக்கிறது, கருவி வந்ததும் முதலில் அதை இறக்கிப் பாருங்கள். ஆட்டத்தைத் தொடங்கும் முன் செட்டிங்ஸுக்குள் போய்ப் பேச்சைப் பாரசீகமாக மாற்றுங்கள், சிரம நிலையை ‘வாரியர்’ என்பதில் வையுங்கள். ‘ஹீரோ’ முதல்முறைக்கு வேண்டாம். அப்புறம் தொடக்கத்தில் கிடைக்கும் காலப் படிகங்களை (ஆட்டத்துக்குள் அதுதான் காசு) அவசரப்பட்டு வேறெதிலும் செலவழிக்காதீர்கள். ஃபரீபா என்ற சின்னப் பெண் வரைபடம் விற்றுக்கொண்டு நிற்பாள். முதலில் அவளிடம் வாங்குங்கள், மற்றதெல்லாம் பிறகு.